ஒன்றரை வோல்ட் அரசர்

நாடகக் கம்பெனியில் அவளை எல்லோரும் டார்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தேழு வயது. காலையில் உடை அறையில் பொத்தான் தைப்பாள், படைவீரர்களின் கிழிந்த கால்சட்டைக்கு ஒட்டுப் போடுவாள். நாடகம் தொடங்கியதும் மேடையின் இடப்பக்கம், கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வசனம் எடுத்துக் கொடுப்பாள். கையில் விரல் நீளத்துக்கு ஒரு எல்.ஈ.டி. டார்ச் இருக்கும். அதற்குள் போவது ஒரே ஒரு பென்சில் செல். அந்தச் செல்லைத் தேர்ந்தெடுக்க அவள் படுகிற பாட்டைப் பார்த்தவர்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள் என்று கேலி செய்வார்கள். அது கேலி இல்லை, உண்மை. மாப்பிள்ளையை அவள் ஒரே மாலையில் முடிவு செய்துவிட்டாள். அந்த அவசரத்துக்கு என்ன கிடைத்தது என்பது பின்னால் வருகிறது.

இன்னொரு விஷயத்துக்கும் அவள் பேர் போனவள். தெருவில் நடக்கும்போது முகத்துக்குப் பவுடர்கூடப் போடாதவள், நாடகம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் உதட்டில் ரத்தச் சிவப்பாய்ச் சாயம் பூசிக்கொள்வாள். இருட்டில் உட்காரப் போகிறவளுக்கு எதற்கு உதட்டுச்சாயம்? கம்பெனியில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். விளக்குப் போடுகிறவர் மேல் அவளுக்கு ஒரு கண் என்பதுதான் அதிக ஓட்டு வாங்கிய கதை. விளக்குப் போடுகிறவருக்குத் தலையில் மூன்று முடி, வாயில் எந்நேரமும் ஏப்பம். ஆனாலும் அந்தக் கதை காதில் விழுந்த நாளிலிருந்து அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்த ஆரம்பித்தார், பாவம்.

அசல் விஷயம் வேறு. அவளுடைய கணவர்தான் கம்பெனியின் அரசர். முப்பது வருடமாக எந்த நாடகம் போட்டாலும் கிரீடம் அவர் தலைக்குத்தான். ஆறு அடி உயரம், கடைசி வரிசைக்கும் போய் மோதுகிற குரல். அந்த அரசருக்கு ஆறு வருடமாகக் காது கேட்காது. கொஞ்சம் மந்தம் என்று பூசி மெழுகுவதற்கில்லை, சுத்தமாகக் கேட்காது. காதருகே தகர டிரம்மை உருட்டினாலும் மனிதர் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். காது மெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். வீட்டில் அது அரைகுறையாக ஏதோ வேலை செய்தது. மேடையில் தகரக் கிரீடத்தைத் தலையில் வைத்ததும் விசில் அடித்தது. கொலு மண்டபத்துக்குள் குருவி நுழைந்துவிட்டதா என்று படைவீரர்கள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். அன்றோடு மெஷின் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. நாளடைவில் அதைப் போட்டாலும் பயன் இல்லை என்ற நிலையும் வந்தது.

காது போனது தெரிந்தால் முதலாளி அன்றைக்கே கை கழுவிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, முதலாளி, அவ்வளவுதான். அதனால் அக்காவும் அரசரும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் திரைக்குப் பின்னால் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்து, வெளிச்சம் தன் உதட்டில் மட்டும் விழும்படி வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வசனத்தை வாயசைப்பாள். பத்தடி தள்ளி நிற்கிற அரசர் ஓரக்கண்ணால் அந்த உதட்டைப் படித்து முழங்குவார். வெளிச்சம் எரிந்தால் பேச வேண்டும், அணைந்தால் வாயை மூட வேண்டும். எதிராளி எப்போது பேசி முடித்தான் என்பதும் அந்த டார்ச் அணைந்து எரிவதில்தான் அவருக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டில் ஆறு வருடத்தில் நானூறு ஆட்டத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். பின்னால் நின்று யாராவது கூப்பிட்டு அவர் திரும்பாவிட்டால், கிரீடம் தலைக்குள்ளேயே இறங்கிவிட்டது, என்ன திமிர் என்று பேசிக்கொண்டார்கள். செவிடு என்ற பெயருக்குத் திமிர் என்ற பெயர் எவ்வளவோ மேல் என்று அரசர் நினைத்தார். நடிகர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆகவே ஒரு பென்சில் செல்லின் மேல்தான் அந்த ராஜ்யம் நின்றது. வெளிச்சம் குறைந்தால் அரசருக்கு உதடு தெரியாது. கூடினால் முன்வரிசைக்கு அக்கா தெரிந்துவிடுவாள். கைபேசி வெளிச்சத்துக்கு வழியே இல்லை. ஒரு முறை அரசி சாகும் காட்சியில் அவள் இடுப்பிலிருந்தே கைபேசி அடித்துவிட, முதலாளி மேடைப்பக்கம் கைபேசியையே தடை செய்துவிட்டார்.

செல் வாங்குவது தெருமுனை எலெக்ட்ரிக் கடையில். கடைக்காரருக்கு வோல்ட்டு என்று பட்டப்பெயர். யாராவது பல்பு கேட்டு வந்தாலும் பத்து நிமிடம் மின்சாரத்தைப் பற்றிப் பாடம் எடுக்காமல் விடமாட்டார்.

"அக்கா, தெருவுல கூறு போட்டு விக்கிறானே, அந்த மலிவு செல்லு மட்டும் வேண்டாம். ஒரு மாசம் உள்ள கிடந்துச்சுன்னா ஒழுக ஆரம்பிச்சிடும். ஸ்பிரிங்கெல்லாம் உப்புப் பூத்துடும்."

"அது எனக்கு ஆச்சு. பழைய டார்ச் அப்படித்தான் போச்சு. ஊசியை வெச்சு ரெண்டு நாள் சுரண்டினேன்."

"அப்ப ரீசார்ஜ் பண்ற செல்லா வாங்குங்க. ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் போதும்."

"யாரு ஆயுசுக்கு?"

வோல்ட்டு சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. அவருடைய பேச்சை நம்பி ஒரு முறை அந்தச் செல்லையும் போட்டுப் பார்த்துவிட்டாள். நல்ல செல்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் நிமிடம் எப்படி எரிந்ததோ கடைசி நிமிடமும் அப்படியே எரிந்தது. அதுதான் வினை. கொஞ்சமும் மங்காமல் எரிந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் பொட்டென்று உயிரை விட்டது. போர் அறிவிக்க வாளை உருவிய அரசர், வெளிச்சம் அணைந்துவிட்டதே, பேசக் கூடாதே என்று உருவிய வாளோடு ஒரு முழு நிமிடம் அப்படியே நின்றார். அவள் வேறு செல்லைத் தேடிப் போட்ட பிறகுதான் போர் மூண்டது. மறுநாள் செய்தித்தாளில், போருக்கு முந்தைய அந்த மௌனம் அரசனின் மனப் போராட்டத்தைக் கண்முன் நிறுத்தியது என்று விமர்சகர் எழுதியிருந்தார். அரசர் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினார். அக்கா ரீசார்ஜ் செல்லைத் தலைமுழுகினாள்.

"எனக்கு மெதுவா மங்கறது வேணும். போகப்போறேன்னு அரை மணி நேரம் முன்னாடியே சொல்லிட்டுப் போற செல்லு."

"அப்ப சாதா அல்கலைன்தான். ஒன்றரை வோல்ட்டு. படிப்படியா இறங்கும், நமக்கே கண்ணுக்குத் தெரியும்." வோல்ட்டு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு இருக்கு, லித்தியம். பார்க்க இதே உயரம், இதே பருமன். ஆனா உள்ள மூணு புள்ளி ஏழு வோல்ட்டு. அதுக்குன்னு செஞ்ச டார்ச்சுல போட்டா பிரமாதம். இதுல போட்டீங்கன்னா டார்ச் வெந்துடும்."

"அதை நான் எதுக்குப் போடப் போறேன்?" என்றாள் அக்கா. அவள் போடமாட்டாள். அது சரிதான்.

அல்கலைனிலும் ஒரு தொல்லை இருந்தது. புதுச் செல் முதல் ஒன்றரை மணி நேரம் கொஞ்சம் துள்ளும், வெளிச்சம் தாடையைத் தாண்டி மூக்குவரை ஏறும். அதனால் ஒவ்வொரு புதுச் செல்லையும் அவள் வீட்டில் வைத்துப் பழக்கினாள். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, நடைவழியின் ஒரு கோடியில் அரசரை உட்கார வைத்து, மறு கோடி சமையலறை வாசலில் நின்றுகொண்டு டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடிப்பாள். எதையாவது வாயசைக்க வேண்டும், அரசர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் யார் வசனப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பது? அவள் பாட்டுக்கு மனதில் இருப்பதை வாயசைப்பாள். அரசருக்கோ டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தாலே அரச குரல்தான் வரும்.

"குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டினீர்களா!" என்று கட்டடமே அதிரும். "ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது!"

கீழ்வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருந்தார். அந்த முழக்கத்தைக் கேட்டதும் அவர் எழுந்துபோய்த் தன் குப்பையைக் கொட்டிவிட்டு வருவார்.

பழகிய செல்லின் மேல் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டி, ஆட்டத்துக்கு ஒரு கோடு பென்சிலால் போடுவாள். நான்கு கோடு விழுந்ததும் அந்தச் செல்லுக்கு ஓய்வு. உயிர் பாக்கி இருக்கிறதைத் தூக்கிப் போட மனம் வராமல் சுவர்க் கடிகாரத்தில் போடுவாள். ஓய்வு பெற்ற செல்கள் பெருகப் பெருக அவற்றுக்கு வேலை கொடுப்பதற்காகவே வீட்டில் ஐந்து சுவர்க் கடிகாரங்கள் ஆகிவிட்டன. ஐந்தும் ஐந்து நேரம் காட்டின.

இப்போது மருமகனுக்கு வருவோம். தங்கமான பையன் என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அடுத்து வரப்போவதைக் கேட்டால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கைபேசி பழுது பார்க்கும் கடையில் வேலை. உலகத்தில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதை இன்னும் கொஞ்சம் பவராக்க முடியுமா என்று யோசிக்கிற புத்தி. மாமனாருக்குக் காது கேட்காது என்பது அவனுக்குத் தெரியாது. மகள் தாய்க்குக் கொடுத்த வாக்கை மீறாமல் கட்டியவனிடம்கூட மூச்சு விடவில்லை. மாமனார் தன் பேச்சுக்குப் பாதி நேரம் பதில் சொல்லாததை, வரன் பார்த்தபோதே தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். எப்படியாவது ஒரு நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று துடித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி ஆட்டம். முந்தின நாளே முதலாளி கம்பெனியைக் கூட்டி நிறுத்திச் சொல்லியிருந்தார்: "எட்டு ஊருக்கு நாடகம் போகப் போகுது. அரங்கம் பேசற ஏஜெண்ட் நாளைக்கு என்கூட முன்வரிசையில உட்காருவார். ராஜா வேஷம் பழையவருக்கா, அமைச்சருக்கான்னு நாளைக்கு ஆட்டத்தைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்." அமைச்சர் என்றால் அமைச்சர் வேடம் போடுகிற நடிகன். முப்பத்தைந்து வயது, கருகருவென்று சொந்தத் தலைமுடி. மூன்று வருடமாகக் கிரீடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கை தன்னை அறியாமல் தலைக்குப் போகும்.

அரசருக்கு இதை அக்காதான் வீட்டில் வந்து வாயசைத்துச் சொன்னாள். அவர் அன்று இரவு சாப்பிடவில்லை. கிரீடம் போனால் அவர் என்ன செய்வார் என்று அவளால் யோசிக்கவே முடியவில்லை. மேடையில் அவர் அரசர். மேடையை விட்டு இறங்கினால் பேருந்தில் நடத்துநர் கேட்பது புரியாமல் தவிக்கிற ஒரு கிழவர். இது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைவழியில் வழக்கம்போல் பரிசோதனை. இரண்டு கோடு விழுந்த செல், துள்ளாமல் துவளாமல் சரியான பதம். அன்றைய ஆட்டத்தைப் பார்க்க மாப்பிள்ளை அப்போதுதான் மகளோடு வந்து நுழைந்தான். பாதி திறந்த கதவு வழியாக, அத்தை இருட்டில் மினுக்மினுக்கென்று ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். அவன் நெஞ்சு உருகிவிட்டது. இந்த அழுமூஞ்சி வெளிச்சத்தில்தானா இத்தனை வருடம் வசனப் புத்தகத்தைப் படிக்கிறார்கள்? கண் என்னத்துக்கு ஆகும்? அக்கா குளிக்கப் போன நேரத்தில் பையிலிருந்து நீலக் காகிதம் சுற்றிய லித்தியம் செல்லை எடுத்து, அதே உயரம், அதே பருமன்தானே என்று, டார்ச்சுக்குள் போட்டு மூடிவிட்டான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அத்தையே பார்த்துவிட்டு அசந்துபோகட்டும் என்று இருந்துவிட்டான்.

வீட்டில் ஒரு முறை சோதித்துவிட்டால், செல் வீணாகும் என்று அக்கா மேடைக்குப் போகும்வரை டார்ச்சை எரிக்கமாட்டாள். அந்த நாடகத்தில் அரசர் முதல் பாதி முழுக்க வேட்டைக்குப் போயிருப்பார். இடைவேளைக்குப் பிறகுதான் வருவார், வந்ததற்கே கைதட்டு வாங்குவார். அதனால் டார்ச்சுக்கும் அன்றைக்கு இடைவேளைக்குப் பிறகுதான் வேலை வந்தது.

கொலு மண்டபக் காட்சி. அமைச்சர் எதிரி நாட்டுக்கு ஓலை அனுப்பியதாகக் குற்றச்சாட்டு, அரசர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அரசர் கைதட்டுக்கு நடுவே வந்து நின்று, வழக்கம்போல் இடப்பக்கம் ஓரக்கண்ணை ஓட்டினார். அக்கா டார்ச்சை அமுக்கினாள்.

போட்டோ ஸ்டூடியோவில் பளிச்சென்று அடிப்பார்களே, அது அணையாமல் நின்றால் எப்படி இருக்கும்? கறுப்புத் துணிக்கு நடுவே அக்காவின் தலை தனியாக மிதந்தது. மூக்குத் துளை, பல் இடுக்கு, சாயம் பூசிய வாய் எல்லாம் இடப்பக்க இருக்கைகளில் இருந்தவர்களுக்கு நூல் பிசகாமல் தெரிந்தது.

"அங்க யாரோ பல்லைக் காட்டிட்டு நிக்கறாங்க பாரு," என்று ஒரு பெண் குரல் சிரித்தது.

அக்காவுக்குக் கண் இருண்டுபோய் எதிரே அரசர் இருக்கிற இடமே தெரியவில்லை. அரசருக்கு அதைவிட மோசம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பிழம்பு. ஆனால் வெளிச்சம் எரிந்தால் பேச வேண்டும் என்பது சட்டமாயிற்றே. மனிதர் சட்டத்தை மீறாதவர். போன மாதம் போட்ட நாடகத்திலிருந்து நினைவுக்கு வந்த நான்கு வரியை எடுத்து விட்டார். குற்றம் விசாரிக்க வந்த அரசர், கடல் கடந்து போன தன் மகளை நினைத்து உருகினார். அமைச்சர் திருதிருவென்று விழித்தான்.

அக்கா கைக்குட்டையை நான்காக மடித்து டார்ச்சின் மேல் போர்த்தினாள். வெளிச்சம் ஒரு மாதிரி அடங்கியது. அரசருக்கு உதடு தெரிந்தது, மகளை விட்டுவிட்டு ஓலைக்குத் திரும்பினார். விசாரணை சூடு பிடித்தது, கூடவே டார்ச்சும். முதலில் வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய கரண்டி மாதிரி ஆயிற்று. அணைக்கிற இடத்தில் அணைத்து எரிக்கிற இடத்தில் எரித்து, கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடிக்கவும் முடியாமல், ஏனென்றால் வாய் வசனத்துக்கு வேண்டும், அவள் தாக்குப்பிடித்தாள். கட்டைவிரலில் கொப்புளம் எழும்பியது. தீர்ப்புக்கு ஆறு வரி பாக்கி. கருகல் நாற்றம் ஒன்று வந்தது, டார்ச் அணைந்தது.

மாற்றுச் செல் அவள் மடியில் தயாராக இருந்தது. இருட்டில் மூடியைத் திருகி, கொதிக்கிற செல்லைக் கீழே தட்டி, நல்ல செல்லைப் போட்டு மூடினாள். எண்ணி எட்டு நொடி. அமுக்கினாள், எரியவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினாள். செல்லில் உயிர் இருந்தது, டார்ச்தான் வெந்து போயிருந்தது.

வெளிச்சம் இல்லை, ஆகவே அரசர் வாயைத் திறக்கவில்லை. செங்கோலைப் பிடித்தபடி நின்றார். அரங்கத்தில் ஒருவர் இருமினார். முன்வரிசையில் முதலாளி ஏஜெண்டிடம் குனிந்து ஏதோ சொன்னார். அமைச்சருக்கு முதலில் குழப்பம், பிறகு மெல்ல விஷயம் பிடிபட்டது. கிழவருக்கு வசனம் மறந்துவிட்டது! அவன் முகத்தில் படர்ந்த சந்தோஷத்தை அக்கா பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாள்.

"அரசே!" என்று அவன் சபையைப் பார்த்துக் கையை விரித்தான். "தீர்ப்புச் சொல்ல வார்த்தை வரவில்லையா? வயதாகிவிட்டதோ?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. புத்தகத்தில் இல்லாத வரி.

வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று அக்கா யோசித்தாள். மேடையில்தான் வேண்டிய மட்டும் கொட்டிக் கிடந்தது. இருபத்தைந்து வருடம் திரைக்குப் பின்னாலேயே காலம் தள்ளிய அந்த மனுஷி, ரப்பர் செருப்போடு, கழுத்தில் தொங்குகிற கண்ணாடியோடு, மார்பில் வரிசையாகக் குத்திய தையல் ஊசிகளோடு, படபடவென்று அரச சபைக்குள் நடந்து போனாள். பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி அரசருக்கு நேர் எதிரே நின்று வாயசைத்தாள்.

அரசரின் கண்ணில் உயிர் வந்தது. "வார்த்தைக்குப் பஞ்சமில்லை அமைச்சரே," என்று ஆரம்பித்தார். இரண்டு வரி கணீரென்று போயிற்று. இன்னும் நாலே வரிதான். இந்தப் பெண் பிள்ளை ஏதோ சாட்சி சொல்ல வந்தவள் போல என்று அரங்கமும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

கைக்கு எட்டியது நழுவுகிறது என்று அமைச்சருக்குத் தெரிந்துபோயிற்று. "யார் இந்தப் பைத்தியக்காரி?" என்று அரசரின் முகத்துக்கு நேரே பாய்ந்தான். "சபைக்குள் எப்படி வந்தாள்? காவலர்களே, இவளை வெளியே இழுத்துப் போங்கள்!"

காவலர்கள் இரண்டு பேரும் அன்று மதியம்தான் அவளிடம் பொத்தான் தைத்துக்கொண்டவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் கட்டளை வந்துவிட்டது, என்ன செய்வது? தயங்கித் தயங்கி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். "அக்கா, மன்னிச்சுக்குங்க," என்று ஒருவன் காதோரம் முணுமுணுத்தான்.

அக்கா அரசரைப் பார்த்து வேகமாக வாயசைத்தாள். 'பேசாம இருங்க. நான் போறேன். நீங்க சும்மா நில்லுங்க.' சும்மா நின்றால் வசனம் மறந்த கிழவர் என்பதோடு போகும். கெஞ்சிக் கேட்டால் முதலாளி ஒரு வாய்ப்புக் கொடுத்தாலும் கொடுப்பார். செவிடர் என்பது மட்டும் வெளியே வரக் கூடாது.

அரசர் செங்கோலைச் சிம்மாசனத்தில் சாய்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"கையை எடுங்கள்," என்றார். காவலர்கள் சட்டென்று எடுத்தார்கள். "இந்தச் சபையில் பைத்தியக்காரி யாரும் இல்லை. செவிடன் ஒருவன் இருக்கிறான். அது நான்தான். ஆறு ஆண்டுகளாக எனக்குக் காது கேட்காது. நீங்கள் கைதட்டிய ஒவ்வொரு சொல்லும் இவள் உதட்டிலிருந்து நான் எடுத்தது. நான் வெறும் தொண்டை." அவள் பக்கம் கையை நீட்டினார். "இவள் என் மனைவி. இவளை வெளியே அனுப்புவதென்றால் என்னையும் சேர்த்து அனுப்புங்கள்."

அக்கா வாயசைக்காத வரிகள் இவை. அவள் திறந்த வாய் திறந்தபடி நின்றாள். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. எழுதியவருக்கு என்ன கற்பனை என்று வியந்தவர்கள்தான் அதிகம். பத்தாவது வரிசையில் மருமகன் மட்டும் உட்கார்ந்த இடத்தில் வெளிறிப்போய், பக்கத்திலிருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். முதலாளி கைதட்டவில்லை. திரையை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

திரைக்குப் பின்னால் வந்த முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அக்காவின் கொப்புளம் கண்ட கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஆறு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கீங்க அக்கா," என்றார். "நாளைக்கு ஒரு ஊர்ல அந்த டார்ச் எரியலைன்னா நான் என்ன செய்வேன்? எட்டு ஊருக்கும் அமைச்சர்தான் ராஜா. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." போய்விட்டார்.

அரசருக்கு எதுவும் தெரியாது. அந்த மூலை இருட்டு, முதலாளியின் உதடு அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "என்னடி சொன்னார்?" என்று கேட்டார்.

அக்கா அவரை எழுப்பி, உடை அறைக்குக் கூட்டிப்போய், ட்யூப்லைட்டுக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே நின்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கி, ஒட்டுத் தாடிக்குள் போய் மறைந்தது.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "யோவ், நான்தான் சும்மா நில்லுங்கன்னு சொன்னேன்ல? இழுத்துட்டுப் போனா போறானுங்க, நம்ம பசங்கதானே! எனக்கு என்ன தேஞ்சா போயிடும்? எதுக்குய்யா வாயைத் திறந்தே?"

"அவன் உன்னைப் பைத்தியக்காரின்னான்."

"அது நாடகம்யா! அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். உமக்குத்தான் ஒரு எழவும் கேக்காதே!"

"கேக்காதுதான்," என்றார் அரசர். "அது கேட்டுச்சு."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் மேல் இவ்வளவு ஆசை அக்காவுக்கு வந்ததில்லை, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. எண்ணெய் தொட்டு, ஓரம் ஓரமாக நெகிழ்த்தி, பதமாக எடுக்க வேண்டிய தாடியை ஒரே இழுப்பில் பிய்த்து எடுத்தாள். அரசர் போட்ட அலறல் தெருவரை கேட்டது.